ஐந்து இதழ்ப் பூ போட்ட அட்டை

முப்பத்தொரு வருஷம் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டினவன் நான். மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே பேசுவது எதுவும் கேட்காது. சிக்னல்மேன் கையை எப்படிக் காட்டுகிறாரோ அப்படிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இந்தப் புத்தாண்டு காலையில் அது எங்கள் சபையையே ஓர் ஆட்டு ஆட்டிவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் உட்கார்த்தி வைத்துச் சொல்லலாம் என்றால் மனைவி காலமாகி மூன்று வருஷமாகிறது. அதனால்தான் செல்வராஜாகிய நான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

கதை என்னுடையது அல்ல, குணவதியினுடையது. பிடோக்கில் என் புளோக்கிலேயே, எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. ஓர் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக எல்லாருக்கும் எழுத்து வேலைதான். ஒரு கடிதத்தில் கமா இடம் மாறி விழுந்தால்கூட குணவதிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கணவர் இறந்தபோது மகன் மயூரனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவருக்கு இரண்டே உலகம். ஒன்று மயூரன், இன்னொன்று சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்து தள்ளி இருக்கிற எங்கள் தமிழ்ச் சபை.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் தேதி காலை ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கையகல அட்டை. ஒரு பக்கம் சிலுவையும் சின்னதாக ஒரு பூவும், மறுபக்கம் ஒரு வேத வசனம். தட்டில் பூப் பக்கம் மேலே தெரிய அடுக்கி வைத்திருப்பார்கள். புரட்டிப் பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உனக்குக் கொடுத்த வார்த்தை. ஜனவரி முழுவதும் சபையில் வேறு பேச்சே இருக்காது. "உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டே, ஆராதனை முடிந்து தருகிற பீஹூன் நூடுல்ஸ் ஆறிப்போகும். பிடிக்காத வசனம் வந்தால் நைசாக வைத்துவிட்டு வேறொன்று எடுக்கிறவர்களும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள்.

பதினேழு வருஷமாக அந்த இருநூற்று நாற்பது அட்டைகளையும் தயாரிக்கிறவர் குணவதி. வசனங்களைப் பொறுக்கி, டைப் செய்து, பள்ளி விடுமுறையில் வீட்டு பிரிண்டரில் அடித்து, வெட்டி, அடுக்கி, தட்டோடு கொண்டுவந்து நிற்பார். ஒரு வருஷமும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இருபத்தொரு வயதில், மயூரனுக்கு இரண்டு கிட்னியும் போயின. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். கால் வீங்குகிறது என்று கிளினிக்குக்குப் போனவனை அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று காலை, எங்கள் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் மிஷினோடு உட்கார வேண்டும். இடது கையில் ரத்தக்குழாய் கயிறு போலப் புடைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அதில் இரண்டு ஊசி. தன் கிட்னியைத் தருகிறேன் என்று குணவதி ஓடினார். சோதித்துப் பார்த்தால் அவருக்கே சர்க்கரை, கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். பிறகென்ன, காத்திருப்போர் பட்டியல்தான்.

இங்கேதான் குணவதி ஒரு திருட்டு வேலை செய்தார். அட்டைகளில் அச்சடிக்கிற பூவுக்கு நான்கு இதழ். ஒரே ஓர் அட்டையில் மட்டும் ஐந்து இதழ் போட்டார். அந்த அட்டையின் பின்னால் எப்போதும் சுகம் தருவேன் என்கிற மாதிரி ஒரு வாக்குறுதி இருக்கும். அதைத் தட்டின் வலது மூலையில் மேலாக வைப்பார். "அண்ணே, மயூரனுக்கு ஊசி போட்ட கை, நெரிசல்ல இடிபடும். முதல் வரிசைல அவனுக்கு முதல்ல நீட்டிடுங்க" என்று என்னிடம் சொல்வார். நானும் இத்தனை வருஷமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் அவனிடம்தான் நீட்டுவேன், அவன் வலது மூலையிலிருந்து எடுப்பான். ஒவ்வொரு வருஷமும் அவனுக்குச் சுகம் தருகிற வசனமே வருவதைப் பார்த்து நான் சிலிர்த்துப்போவேன். இரண்டு தடவை அழுதும் இருக்கிறேன். ஐந்து இதழ் விஷயம் தெரிந்த பிறகு அந்தக் கண்ணீரை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன நவம்பரில் ஒருநாள் காலை மருத்துவமனையிலிருந்து குணவதிக்கு போன் வந்தது. ஒரு கிட்னி பொருந்துகிற மாதிரி இருக்கிறது, மயூரன் ஒன்றும் சாப்பிடாமல் உடனே வரவேண்டும் என்றார்கள். நான்தான் டாக்சி பிடித்தேன். குணவதி டாக்சியிலேயே சபை வாட்ஸ்அப்பில், "ஆண்டவர் அற்புதம் செய்துவிட்டார்" என்று போட்டுவிட்டார். பூமாலை படங்களும் கைகூப்பிய படங்களுமாகக் கொட்டின. மயூரன் மட்டும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் டாக்டர் வந்து, அந்த கிட்னி சரியில்லை, வைத்தால் வேலை செய்யாது, மன்னிக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை. வீட்டுக்குக்கூடப் போகாமல் காலையில் தவறவிட்ட டயாலிசிஸுக்கு நேரே போனார்கள். வாட்ஸ்அப்பில் போட்டதை குணவதி அழித்துப் பார்த்தார். எல்லாரும் படித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவரால் ஜெபிக்க முடியவில்லை. வெளியில் யாருக்கும் தெரியாது. பாடகர் குழுவில் பாடினார், கேட்டவர்களிடம் "ஸ்தோத்திரம், ஆண்டவர் பார்த்துப்பார்" என்றார். வீட்டில் முழங்கால் போட்டால் வாய் திறக்காது. வாரக்கணக்கில் அப்படி. இதெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னது.

டிசம்பரில் வழக்கம்போல அட்டை டைப் செய்ய உட்கார்ந்தார். இருநூற்று முப்பத்தொன்பது வசனம் தேறியது. கடைசித் தாளில், மயூரனுடைய ஐந்து இதழ் அட்டைக்குப் பக்கத்துக் கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் பொங்கியது. பழைய காலத்தில் ஒரு பக்தன் ஆண்டவரிடம் சண்டை போட்டுக் கேட்ட கேள்வி ஒன்று வேதத்தில் இருக்கிறது. ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள், என்னை ஒரேயடியாக மறந்துவிட்டீரா என்று. அதை அடித்து வைத்தார். யாருக்கும் கொடுப்பதற்கில்லை. வெட்டும்போது தனியாக எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம், தன்னால் சொல்ல முடிகிற ஒரே ஜெபம் அதுதான் என்று நினைத்தார்.

பழைய பிரிண்டர் பழுதாகி, இந்த வருஷம்தான் புதியது வாங்கியிருந்தார். பழையதில் ஒரு பக்கம் அடித்துவிட்டுத் தாளைக் கையால் புரட்டிப் போடவேண்டும். இடது எது வலது எது என்று அதற்கேற்றபடி கட்டங்களை அமைத்திருந்தார். புதிய மிஷின் கெட்டிக்கார மிஷின், இரண்டு பக்கமும் தானே அடித்துத் தள்ளிவிட்டது. இடது வலதானது, வலது இடதானது. மற்ற தாள்களில் அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை, எல்லாமே நான்கு இதழ்தானே. கடைசித் தாளில் குடி முழுகியது. பூப் பக்கம் மேலே தெரிய வெட்டிய குணவதி, வசனத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. கமா இடம் மாறினால் சாப்பிடாத குணவதி. ஐந்து இதழ் அட்டையைத் தட்டின் மூலையில் வைத்தார், பக்கத்து அட்டையைப் பைக்குள் போட்டார்.

ஜனவரி முதல் தேதி, வியாழக்கிழமை. சபை நிரம்பி வழிந்தது. பட்டுச்சேலை சரசரப்பு, பிள்ளைகளின் புதுச் சப்பாத்துச் சத்தம், பின்வாசலிலிருந்து மல்லிகை வாசனை. மயூரன் முதல் வரிசை ஓரத்தில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பாடகர் குழு மேடையில் எங்களைப் பார்த்தபடி நின்றது, அதில் குணவதியும். பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து தட்டோடு நடக்கத் தொடங்கினேன்.

பாதி தூரம் வந்திருப்பேன். குணவதி மூக்கைத் துடைக்கக் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்தார். அதோடு அந்த அட்டையும் வந்தது. ஒரு பார்வை பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. கையில் இருந்தது கோபக் கேள்வி அல்ல, சுகம் தருவேன் என்கிற வாக்குறுதி. அப்படியென்றால் மூலையில் இருப்பது எது என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நவம்பரிலிருந்து சரியாகச் சாப்பிடாத பிள்ளை, புத்தாண்டு காலையில், என்னை மறந்துவிட்டீரா என்று கேட்கிற அட்டையை எடுக்கப் போகிறான். இருக்கிற கொஞ்ச விசுவாசமும் அதோடு போய்விடும்.

பாட்டை நிறுத்திவிட்டு ஓட முடியாது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். பிறகு வலது கையை இறக்கி, ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி வட்டமாகச் சுற்றினார். தட்டைத் திருப்பிக்கொண்டு போ என்று அர்த்தமாம்.

எங்கள் பட்டறையில் விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. முப்பத்தொரு வருஷம் அந்த விரலை நம்பித்தான் பத்து டன் இரும்பை ஆள் தலைக்கு மேலே ஆட்டியிருக்கிறேன். சரிதான், பையன் உட்கார்ந்திருக்கிறான், தட்டு அவனுக்கு எட்டவில்லை என்கிறார் என்று மயூரன் முன்னால் தட்டை இறக்கினேன். குணவதி இன்னும் வேகமாகச் சுற்றினார். நானும் இன்னும் இறக்கினேன். கடைசியில் தட்டு அவன் முழங்காலில் போய் உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் இறக்கியதில்லை. மயூரன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வலது மூலை அட்டையை எடுத்தான்.

மேடையில் ஒரு குரல் மட்டும் பட்டென்று அறுந்தது.

எல்லாரும் எடுத்து முடிந்ததும், விரும்புகிறவர்கள் எழுந்து வாசிக்கலாம் என்றார் போதகர். எனக்கு இந்த நேரம் என்றாலே எரிச்சல். வசனம் ஒரு வரி, வியாக்கியானம் ஒரு மணி நேரம் என்று இழுப்பார்கள். நான்கு பேர் வாசித்தார்கள். ஐந்தாவதாக மயூரன் எழுந்தான். ஆறு வருஷத்தில் அவன் எழுந்தது அதுதான் முதல் தடவை. மேடையில் குணவதி பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

அவன் நிதானமாக வாசித்தான். எத்தனை நாள், என்னை மறந்துவிட்டீரா. ஜெபக்குழுத் தலைவி ரத்தினம்மா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார், "தம்பி, அது வாக்குத்தத்தம் இல்லையேப்பா. ஏதோ தப்பா கலந்திருக்கு. வேற ஒண்ணு எடுத்துக்கோ." நானும் அவசரமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மயூரன் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கையால் மூடிக்கொண்டான். "வேணாம் ஆன்ட்டி. இது எனக்கு வந்தது."

பிறகு பேசினான். அவன் குரல் நடுங்கியது, ஆனால் அது அழுகை நடுக்கம் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிய சாமான் கையில் கிடைத்தவன் பேசுவது போல இருந்தது.

"வாரத்துக்கு ஆறு ஊசி குத்துறாங்க. ஒவ்வொரு தடவையும் வாய்க்குள்ள நான் சொல்றது இதுதான். இன்னும் எத்தனை நாளு, என்னை மறந்துட்டீங்களான்னு. சொல்லிட்டு உடனே சாரி சொல்வேன். இப்படிக் கேட்டா தப்பு, எனக்கு ஃபெய்த் இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது பைபிள்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்குறதை எனக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டிருக்காரு. ஆண்டவர் கோவிச்சுக்கல, தன் புக்லயே எழுதி வச்சிருக்காரு. அப்படின்னா இவ்வளவு நாளும் நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்கு. எனக்கு அது போதும். கிட்னி வருதோ இல்லையோ, என் பக்கத்துல ஆள் இருக்கு."

உட்கார்ந்துவிட்டான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது மேடையிலிருந்து குணவதியின் குரல் வந்தது. "தப்பா கலக்கல. நான்தான் டைப் பண்ணேன். கோவத்துல டைப் பண்ணேன்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தத் தடவை அது உண்மையான புல்லரிப்பு.

ஆராதனை முடிந்ததும், மூன்று தட்டு பீஹூன் வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். அம்மாவும் மகனும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். குணவதி ஐந்து இதழிலிருந்து புது மிஷின்வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். மயூரன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"பூ விஷயம் எனக்குத் தெரியும்லா" என்றான். "ரெண்டாவது வருஷத்துலேருந்தே."

"தெரிஞ்சும் ஏன்டா அதையே எடுத்தே?"

"நீங்க அவ்வளவு நம்பி வச்சிருந்தீங்க. நான் நம்பலன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு எடுத்தேன்."

"நான் எங்கடா நம்பினேன்" என்றார் குணவதி. "நீ நம்புறேன்னு நெனச்சுல்ல நான் தெம்பா இருக்கிற மாதிரி நடிச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆறு வருஷம் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்காக ஒருவர் பொய்யாக விசுவாசம் காட்டியிருக்கிறார்கள். சிரித்து, அழுது, பீஹூன் புரையேறி, நான் தண்ணீருக்கு ஓடினேன். திரும்பி வரும்போது ரத்தினம்மா படிக்கட்டில் தயங்கி நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகள் அவரோடு பேசிப் பதினோரு வருஷமாகிறது. "குணவதி, அந்தக் கார்டு இன்னொண்ணு இருந்தா எனக்கும் குடும்மா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். வரிசையில் நான்காவது ஆளாக நானும் நின்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் பொது விடுமுறைக்கும் காத்திருக்காது, அற்புதத்துக்கும் காத்திருக்காது. மூன்று பேரும் நடந்து போனோம். ஊசி குத்தும்போது குணவதி உள்ளே போனதே இல்லை. பார்க்கத் தாங்காது என்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வசனங்களை முணுமுணுப்பார். அன்றைக்கு நர்ஸ் மைமூனிடம் போய், "ரெண்டு நிமிஷம் உள்ள வரலாமா?" என்று கேட்டார். மைமூன் ஆறு வருஷமாக அந்தக் கையில் ஊசி ஏற்றுகிறவர். முகக்கவசத்தை நீட்டி, "வாங்கக்கா" என்றார். கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நான் வாசலில் நின்றேன்.

மயூரன் கையை நீட்டினான். குணவதி அந்தப் புடைத்த இடத்துக்கு மேலே தன் விரல்களை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை அவருக்கு வாய் வந்தது. "ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்? எங்களை மறந்துட்டீரா?" என்றார். மயூரனும் கூடவே சொன்னான். சாரி சொல்லவில்லை.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த மைமூன், "ஆமீன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஊசியை ஏற்றினார்.